தரம் 12 புவியியலுக்கு வகுப்பு விதிமுறை எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள் (திருகோணமலை)

வெண்கட்டி:

வணக்கம். இந்த வருடம் தரம் 12 புவியியல் என் கையில். பௌதிகப் பகுதியும் செய்முறையும் முழுக்க நான்தான். ஒன்பது வருடம் மலையகத்தில் படிப்பித்துவிட்டு இடமாற்றத்தில் இங்கே வந்தேன், இது இரண்டாவது தவணை. முதல் தவணை எதையும் எழுத்தில் கொடுக்காமல் தொடங்கிச் சீரழிந்தேன். ஒப்படை எங்கே என்றால் "எப்ப ரீச்சர் சொன்னீங்க?" கொப்பி எங்கே என்றால் "ரியூசன் கொப்பியில இருக்கு ரீச்சர்." அதனால் இந்த முறை முதல்நாளே ஒரு தாள் கொடுத்து, பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

மொத்தம் 23 விதி. எல்லாவற்றையும் போட்டால் ஓடிவிடுவீர்கள், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். மணி அடித்து 5 நிமிடத்துக்குப் பின் வந்தால் அந்தப் பாடவேளைக்கு வரவில்லை என்று பதிவு. ஒப்படை பிந்தினால் நாளுக்கு 10 புள்ளி வெட்டு, மூன்று நாளுக்குப் பின் வாங்கவே மாட்டேன். ரியூசன் குறிப்பை ஒப்படையாக எழுதித் தந்தால் பூச்சியம். களப்பயணம் கட்டாயம்: இந்தத் தவணை கோணேசர் மலை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், முடிந்தால் புல்மோட்டை. ஒவ்வொருவரும் இடத்துக்கு ஒரு மாதிரி (கல், மண், சிப்பி எதுவானாலும்) சேகரித்து வர வேண்டும். களக் கொப்பி தனியாக வைக்க வேண்டும், தவணைப் புள்ளியில் 20 அதற்கு.

போன் பற்றி எழுதத் தேவையில்லை, பாடசாலை விதியே போதும்.

பிரதி அதிபர் பார்த்துவிட்டு "நல்லம்" என்றார். அவர் வாசித்தாரா என்பது வேறு விசயம்.

கிண்ணியாக்காரன்:

ரீச்சர், 5 நிமிட விதியைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். என் தங்கச்சி கிண்ணியாவிலிருந்து டவுன் பாடசாலைக்கு வருகிறாள். 6.20 பஸ் வந்தால் 7.15க்கு வாசலில் நிற்பாள். அது வராவிட்டால் அடுத்ததில் நெரிபட்டு 7.45. இது பிள்ளையின் பிழை இல்லையே. நாங்கள் படித்த காலத்தில் பாதையில் (மிதவைப் படகில்) கடந்து வந்தோம். 2009இல் பாலம் திறந்தபோது இனிப் பிந்தவே மாட்டோம் என்று நினைத்தோம். 396 மீற்றர் பாலம் இருக்கிறது, பஸ்தான் இல்லை.

இன்னொன்று, வெள்ளிக்கிழமை மத்தியானம் தாண்டிப் போகிற மாதிரிக் களப்பயணம் வைக்காதீர்கள். ஜும்ஆ நேரம். சொல்லாமலே தெரிந்திருக்கும், ஆனாலும் தாளில் போட்டுவிட்டால் பிள்ளைகள் வாய் திறந்து கேட்க வேண்டிய தேவை இருக்காது.

உப்புக்காற்று:

ஓய்வுபெற்ற ஆள் நான். முப்பது வருடத்துக்கு மேல் இந்த மாவட்டத்தில் புவியியல் படிப்பித்தேன். மனம் நோக வேண்டாம் மகள், நேராகவே சொல்கிறேன்.

23 விதி கூடிப்போச்சு. ஏழாவது விதி என்ன என்று உங்களைக் கேட்டால் தாளைப் பார்க்காமல் சொல்வீர்களா? நீங்களே சொல்ல முடியாததைப் பிள்ளை எப்படி ஞாபகம் வைக்கும்?

இரண்டாவது, அந்த மாதிரி சேகரிக்கிற விதியை இன்றைக்கே வெட்டுங்கள். நிலாவெளிப் பக்கம் புறாத்தீவுக்குப் போனால் முருகைக்கல்லைத் தொடவே கூடாது. அது 2003 முதல் தேசிய பூங்கா, சிப்பி பொறுக்கினாலே பிடிப்பார்கள். கன்னியா தொல்லியல் இடம், ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது. கோணேசர் மலை கோயில் மண். புல்மோட்டையிலோ மணலே அரசின் சொத்து. 1957இல் அதற்கென்று கூட்டுத்தாபனமே அமைத்தார்கள். இல்மனைட், ரூட்டைல், சேர்க்கன் என்கிற கனிமம் எல்லாம் அந்தக் கறுப்பு மணலில்தான் இருக்கிறது. மொனசைட்டும் கொஞ்சம் உண்டு, அதில் தோரியம் இருப்பதால் மெல்லிய கதிரியக்கம் உள்ளது. பிள்ளைகளைப் பொலித்தீன் பையில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்வீர்களா?

காட்டித்தான் ஆக வேண்டுமென்றால், வகுப்புக்கென்று ஒரே ஒரு போத்தல் மணலை நீங்களே முறைப்படி கேட்டு வாங்குங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைத் தாளில் சுற்றி மணலுக்குள் விடுங்கள். சாதாரண லாடக் காந்தம் இல்மனைட்டை லேசில் இழுக்காது, பலமானது வேண்டும். அப்புறம் ஒரு தட்டில் நீர் ஊற்றிச் சுழற்றச் சொல்லுங்கள். வெள்ளை மணல் ஓடிவிடும், கறுப்பு அடியில் நிற்கும். வெள்ளை மணலில் உள்ள படிகம் (குவாட்ஸ்) நீரைவிட 2.65 மடங்கு பாரம், இல்மனைட் கிட்டத்தட்ட 4.7 மடங்கு. வாடைக் காற்றுக் காலத்து அலை கரையில் செய்கிற வேலையும் இதேதான் என்று பிறகு சொன்னால் போதும். ஒரு பாடவேளை, ஒரு போத்தல்.

களக் கொப்பி நல்ல விதி. அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதில் பாதியை வெட்டினாலும் வகுப்பு ஓடும்.

மூன்று பிள்ளைகளின் தகப்பன்:

எல்லோரும் ரீச்சரைப் பாராட்டுகிறீர்கள். நான் கொஞ்சம் கசப்பாகப் பேசப் போகிறேன்.

பிள்ளைகள் உயர்தரத்தில் பாடசாலைக்கு வருவதே 80 வீத வரவு வேண்டும் என்பதற்காக. இதை எல்லா ஆசிரியருக்கும் தெரியும், யாரும் சொல்வதில்லை. மூத்தவன் இரண்டு வருடமும் ரியூசனில்தான் பாடத்தை முடித்தான். பாடசாலையில் பாதிப் பாடம்கூட முடியவில்லை (எந்தப் பாடசாலை என்று சொல்லமாட்டேன்). பல்கலைக்கழகத்துக்கு உயர்தரச் சோதனையின் இசட் புள்ளிதான் கேட்கிறார்கள், கன்னியாக் கிணற்றின் சூட்டையா கேட்கிறார்கள்? கொப்பிக்கு 20 புள்ளி கொடுத்தால் அது தவணை அறிக்கையில் இருக்கும், சோதனைத் தாளில் இருக்குமா? மூன்று களப்பயணம் என்றால் மூன்று நாள் போச்சு, பஸ் காசு வேறு. என் இரண்டாவது மகள் இந்த வருடம் தரம் 12. ரியூசன் குறிப்பை எழுதினால் பூச்சியம் என்கிறீர்கள். அந்தக் குறிப்புக்கு மாதா மாதம் நான் காசு கட்டுகிறேன் ரீச்சர்.

வெண்கட்டி:

கிண்ணியாத் தம்பி, 5 நிமிட விதி போய்விட்டது. பிந்தி வருகிற பிள்ளை பின்வாசலால் சத்தமில்லாமல் வந்து இருக்கட்டும், வருகை வருகைதான். வெள்ளிக்கிழமை பற்றியும் தாளில் எழுதியாச்சு.

உப்புக்காற்று சேர், ஏழாவது விதி என்னவென்று உண்மையாகவே மறந்துவிட்டது. தாளைப் பார்த்தேன். "மேசையில் கிறுக்கக் கூடாது." வெட்டியாச்சு.

தகப்பன் ஐயா, கசப்பு நியாயமானது. பாடத்தை முடிக்காத ஆசிரியருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கொப்பியை ஏன் விடமாட்டேன் என்று ஒரு கதை சொல்கிறேன்.

போன தவணை கன்னியாவுக்குப் போனோம். ஏழு கிணறு, ஏழிலும் வெப்பநிலை எடுக்கச் சொன்னேன். இரசம் உள்ள வெப்பமானியைக் கொண்டுபோகவில்லை. ஆட்கள் குளிக்கிற இடத்தில் கண்ணாடி உடைந்து இரசம் கொட்டினால் யார் பதில் சொல்வது? சிவப்பு மதுசார வெப்பமானி இரண்டும், ஒரு வாளியும். திரும்பி வந்து கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தேன். 31 கொப்பியில் 26இல் ஒரே ஏழு எண்கள், தசமம்வரை. அதில் ஒருவன் அன்றைக்கு வரவே இல்லை, அம்மை போட்டு வீட்டில் கிடந்தான்.

ஒரு பிள்ளையின் கொப்பி மட்டும் வேறு மாதிரி இருந்தது. மூன்றாம் கிணற்றுக்கு நேரே 40 என்று எழுதி, ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் 38.5. கீழே சின்ன எழுத்தில்: "வாளியில அள்ளி வச்சிட்டு ரீச்சர் கதைச்சு முடியுமட்டும் நிண்டம். சூடு குறைஞ்சிட்டு. திரும்ப அள்ளிப் பாக்க நேரம் இல்ல." சிரித்துவிட்டேன், கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. அவளுக்கு 20க்கு 20. அளக்கிற முறையே அளவை மாற்றிவிடும் என்று நான் மூன்று பாடவேளை படிப்பித்திருந்தாலும் அவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

வாடைவீட்டுத் தங்கச்சி:

26 பேருக்கும் என்ன கொடுத்தீங்க ரீச்சர்?

வெண்கட்டி:

எண்ணுக்குப் புள்ளி இல்லை. யார் அளந்தது, யார் எழுதியது, யாரிடம் பார்த்தது என்று எழுதித் தந்தால் 10 என்றேன். 24 பேர் எழுதினார்கள். அம்மைக்காரனும் எழுதினான்: "நான் வரல்ல, சுதாகரிட்டப் பாத்தன்." (பெயர் மாற்றியிருக்கிறேன்.)

உப்புக்காற்று:

இதுதான் மகள் விதி. மற்றதெல்லாம் ஒழுங்கு.

நான் ஒரு வழி சொல்கிறேன், பிடித்தால் எடுங்கள். களக் கொப்பியைத் திறந்தால் வலப்பக்கம் கண்டது, அளந்தது, தொட்டது. இடப்பக்கம் கேட்டது, வாசித்தது, ஆசிரியர் சொன்னது. பேனையால்தான் எழுத வேண்டும். அழிறப்பர் இல்லை, வெள்ளை மை பூசக் கூடாது. பிழைத்தால் ஒரு கோடு. வெட்டியதும் வாசிக்கத் தெரிய வேண்டும். திகதி, நேரம், நின்ற இடம் இல்லாத பக்கத்துக்குப் புள்ளி இல்லை.

தகப்பன் தம்பிக்கும் இதில் பதில் இருக்கிறது. ரியூசன் குறிப்பு இடப்பக்கம் போகட்டும், தடை ஏன்? காசு கட்டி வாங்கியது வீணாகாது. ஆனால் வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் அந்த ஒப்படை முடியவில்லை.

சோதனைக்கு உதவாது என்றும் சொல்லாதீர்கள். வெந்நீரூற்று ஏன் சுடுகிறது என்று கேட்டால் பாதிப் பேர் எரிமலை என்று எழுதுகிறார்கள். இலங்கையில் எங்கே ராசா எரிமலை? மழைத்தண்ணீர் பாறைப் பிளவு வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. கிலோமீற்றருக்கு 25, 30 பாகை கூடிக்கொண்டே போகும். சூடேறிய தண்ணீர் இன்னொரு பிளவால் மேலே வருகிறது. கிணற்றைச் சுற்றிக் கருகிய கல்லோ லாவாவோ இல்லை என்று கண்ணால் பார்த்து வலப்பக்கம் எழுதிய பிள்ளை எரிமலை என்று எழுதவே எழுதாது.

கோட்டையடி:

வலப்பக்கம் இடப்பக்கம் எல்லாம் சரி. கோணேசர் மலைக்குப் போனால் இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவை எந்தப் பக்கம் எழுதச் சொல்வீர்கள்?

கிண்டலாகக் கேட்கவில்லை. என் அம்மா வெள்ளிக்கு வெள்ளி மலைக்குப் போகிறவர். அவருக்கு அது இராவணன் வாளால் வெட்டியது, வேறு பேச்சில்லை. பிள்ளை வீட்டுக்கு வந்து "அம்மம்மா, அது வெறும் வெடிப்பு" என்றால் அன்றைக்குச் சோறு இல்லை.

வெண்கட்டி:

இந்தப் பயம் எனக்கும் இருக்கிறது, ஊருக்குப் புதிது வேறு.

நான் செய்யப்போவது இதுதான். மலையில் "வெறும்" என்ற சொல்லை நான் சொல்லமாட்டேன், பிள்ளைகளும் சொல்லக் கூடாது. இடப்பக்கம் அம்மம்மா சொன்ன கதையை அவர் சொன்னபடியே, அவர் சொன்னது என்று குறித்து எழுதட்டும். வலப்பக்கம் பிளவு எந்தத் திசையில் ஓடுகிறது, பக்கத்துப் பாறையில் அதே திசையில் வேறு கோடுகள் தெரிகிறதா, கீழே அலை எங்கே அடிக்கிறது என்று எழுதட்டும். அதே போக்கில் சின்னப் பிளவுகள் கண்ணில் பட்டால் பாறை மூட்டு (பாறையில் இயல்பாக உண்டாகிற வெடிப்பு) என்ன, கடல் அதை எப்படி அகட்டுகிறது என்பதெல்லாம் தானாக வரும். இரண்டு பக்கத்தையும் நான் ஒன்றோடொன்று மோத விடப்போவதில்லை.

வேலிக்கு அந்தப்பக்கம் ஒரு அடி வைத்தாலும் அந்தப் பிள்ளைக்கு அந்தத் தவணை களப்பயணம் இல்லை. நூறு மீற்றருக்கு மேல் நேரே கடலில் இறங்குகிற பாறை அது, இதில் மட்டும் மன்னிப்பு கிடையாது. கோயிலுக்குள் போக விரும்பாத பிள்ளைகள் என்னோடு வெளியே நிற்கலாம். பாறை வெளியிலும் அதே பாறைதான்.

கோட்டையடி:

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "கதையை முழுசா எழுதச் சொல்லு, பாதியில விட வேணாம்" என்கிறார்.

மட்டுறுத்துனர்:

கன்னியா யாருக்குச் சொந்தம் என்ற பதிவுகள் மூன்றை நீக்கியிருக்கிறேன். அதற்கு வேறு இழை இருக்கிறது. இங்கே வகுப்பு விதிமுறை மட்டும்.

கடற்கரைச்சேனை:

நான் ஒரு பழைய மாணவி. சுனாமிப் பாடத்துக்கு ஒரு விதி கேட்க வந்தேன்.

2004இல் எனக்கு ஐந்து வயது. சித்தியையும் அவரின் இரண்டு பிள்ளைகளையும் கொண்டுபோய்விட்டது. தரம் 9இல் ஒரு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஆசிரியர் திரையில் வீடியோ போட்டார். அலை வீட்டுக்குள் புகும் காட்சி. எழுந்து வெளியே போனேன், "ஏன் அனுமதி கேட்கவில்லை" என்று வராந்தாவில் நிற்கவைத்தார். எந்தப் பாடசாலை, யார் என்று எழுதமாட்டேன், அவர் கெட்டவர் இல்லை. இன்றைய பிள்ளைகள் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்தான். ஆனால் வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் இன்னும் இருக்கிறது. வீடியோ போடுவதென்றால் முதல்நாளே சொல்லுங்கள், வெளியே போக விரும்புகிற பிள்ளையிடம் காரணம் கேட்காதீர்கள்.

இன்னொரு கேள்வி. கடல் முதலில் உள்வாங்கும் என்று கொப்பியில் எழுதவைத்தார்கள். எங்கள் அம்மம்மா கரையில் நின்றவர். "உள்ள போகல்ல, பொங்கிக்கொண்டு வந்திச்சு" என்பார். யார் சரி?

உப்புக்காற்று:

அம்மம்மா சரி பிள்ளை. 26 டிசம்பரில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடி உடைந்தபோது மேற்குப் பக்கம், அதாவது நம்மைப் பார்த்த பக்கம், மேலே எழும்பியது. கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் கடல் முதலில் பின்வாங்கியது, இங்கே முதலில் ஏறியது. பிறகு அலைக்கும் அலைக்கும் நடுவில் இங்கேயும் உள்வாங்கியது, அதைத்தான் நிறையப் பேர் பார்த்தார்கள். "உள்வாங்கினால் ஓடு" என்பது நல்ல பாடம்தான், ஆனால் உள்வாங்கும்வரை காத்துக்கொண்டு நின்றால் ஆள் இல்லை. நிலம் அதிர்ந்தாலோ எச்சரிக்கை வந்தாலோ உடனே மேட்டுக்குப் போக வேண்டும். நம் கரைக்கு அதிர்வுகூடத் தெரியாமல் சுமார் இரண்டு மணித்தியாலத்தில் வந்துவிட்டதே.

மூன்று பிள்ளைகளின் தகப்பன்:

சேர், அம்மம்மா சொன்னது கேட்டதுதானே? இடப்பக்கம் போகுமா, வலப்பக்கம் போகுமா?

உப்புக்காற்று:

ஆகா, தம்பி பிடித்துவிட்டார். பிள்ளைக்கு அது கேட்டது, எனவே இடப்பக்கம். ஆனால் யார் கண்டது, எங்கே நின்று கண்டது, என்ன நேரம் என்று சேர்த்து எழுத வேண்டும். ரியூசன் குறிப்பில் அந்த மூன்றும் இருக்காது.

மூன்று பிள்ளைகளின் தகப்பன்:

இருக்காதுதான்.

சல்லிக்கரையான்:

நான் கடல் தொழிலுக்குப் போகிற குடும்பம். மகன் தரம் 12. ஒரு விசயம் சேர்த்துக்கொள்ளுங்கள் ரீச்சர்: எங்கள் சொல்லுக்கும் புள்ளி கொடுங்கள்.

மகன் விடையில் "கச்சான்" என்று எழுதினான் என்று போன வருடம் ஒருவர் வட்டம் போட்டுக் கேள்விக்குறி வைத்தாராம். கச்சான் என்றால் கொட்டை (நிலக்கடலை) மட்டும்தான் என்று நினைத்தாரோ தெரியாது. வைகாசி, ஆனி மாதத்தில் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, உதடு வெடிக்கும், கொடியில் போட்ட துணி அரை மணித்தியாலத்தில் காயும்.

வெண்கட்டி:

அண்ணா, அந்தக் கேள்விக்குறியை வைத்தவர் நானில்லை, ஆனால் வந்த புதிதில் நானும் வைத்திருப்பேன். மலையகத்தில் அதே தென்மேற்குப் பருவக்காற்று எனக்குக் குடை. மலையேறும்போது ஈரத்தை அங்கே கொட்டிவிட்டு, இந்தப்பக்கம் இறங்கும்போது சூடேறி உலர்ந்து வருகிறது. புத்தகத்தில் அல்ப்ஸ் மலையின் ஃபோன் (Foehn) என்கிற உலர் காற்றை உதாரணம் காட்டியிருக்கிறார்கள். அதே வகைதான் உங்கள் கச்சான். ஊர்ச்சொல்லை எழுதி, அது என்ன செய்கிறது என்று ஒரு வரி எழுதினால் முழுப் புள்ளி. இது தாளில் போகிறது.

கிண்ணியாக்காரன்:

பிந்தின ஒப்படை விதி என்னாச்சு ரீச்சர்? அதைப்பற்றி யாரும் பேசவில்லை.

வெண்கட்டி:

நாளுக்கு 10 வெட்டுவதை விட்டாச்சு. ஒரு கிழமை சலுகை, காரணம் கேட்கமாட்டேன். அதற்குப் பின் தந்தால் திருத்துவேன், புள்ளி பாதிதான். தினமும் மழைமானியை வாசித்து எழுதுகிற பொறுப்புக்கு மட்டும் சலுகை இல்லை. காலை 8.30க்கு வாசிக்காத மழையை அடுத்த நாள் வாசிக்க முடியாது. அன்றைய கட்டத்தில் "வாசிக்கவில்லை" என்று எழுத வேண்டும், மனதில் தோன்றிய எண்ணை எழுதினால் ஆளை மாற்றிவிடுவேன். சோடாப் போத்தலை வெட்டிச் செய்த மழைமானிதான். ஒரே ஒரு சிக்கல்: இங்கே மழை கொட்டுகிற மார்கழியில் பாடசாலை விடுமுறை. பக்கத்தில் வீடு உள்ள இரண்டு பேர் தாங்களே பொறுப்பெடுத்திருக்கிறார்கள்.

23இல் ஒன்பது விதி மிச்சம். ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது. பிரதி அதிபரிடம் திரும்பக் கொடுத்தேன், இந்த முறை வாசித்தார். கொப்பிக்கு 20 அதிகம், 15 ஆக்குங்கள் என்றார். ஆக்கினேன்.

மூன்று பிள்ளைகளின் தகப்பன்:

கையெழுத்துப் போட்டு மகளிடம் கொடுத்துவிட்டேன். பஸ் காசு எவ்வளவு, எப்ப புறப்பாடு?

வெண்கட்டி:

நன்றி ஐயா. கன்னியாவுக்கு வருகிற செவ்வாய், 6.45க்கு முன்வாசலில். காசு தர முடியாத பிள்ளைகள் யாரிடமும் சொல்லத் தேவையில்லை, என்னிடம் மட்டும் சொல்லட்டும், பார்த்துக்கொள்ளலாம். செருப்பு வேண்டாம், சப்பாத்து. இந்த முறை இரண்டு வாளி கொண்டுபோகிறேன், அள்ளியவுடன் அளக்க ஒன்று, நான் கதைத்து முடிக்கும்வரை வைத்திருந்து அளக்க மற்றது.